20 ஆண்டு கழித்துக் கடைக்கு வரும் வெள்ளை ஒயின்: தொந்தோனியா கெட்டுப்போனதா, கனிந்ததா?

கேள்வி இது: ஸ்பெயினின் லோபெஸ் தே எரேதியா குடும்பம் செய்யும் ‘வீன்யா தொந்தோனியா’ வெள்ளை ஒயின் வெளிர்மஞ்சளாக இல்லாமல் பழைய தங்க நகையின் நிறத்தில் இருக்கிறது. பழவாசனைக்குப் பதிலாகத் தேன்மெழுகும் வறுத்த பருப்பும் மணக்கின்றன. அறுவடை ஆண்டைப் பார்த்தால் ஏறத்தாழ 20 ஆண்டு பழசு. வெள்ளை ஒயினை இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் இது கெட்டுப்போன சரக்கா? ‘குடும்ப மரபு’ என்று சொல்லி விற்கிறார்களா?

கெட்டுப்போகவில்லை. காற்று பட்டால் எது கெடுமோ அதை எல்லாம் பீப்பாயில் இருக்கும்போதே கெடவிட்டு, அடியில் படியவைத்து, இறுத்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது இனிமேல் அவ்வளவு எளிதில் கெடாது. குடும்ப மரபு என்பதும் இங்கே வெறும் விளம்பரப் பேச்சில்லை. பீப்பாய் செய்வது, ஆண்டுக்கு இரண்டு முறை இறுப்பது, குறைந்ததை நிரப்புவது, காத்திருப்பது என்று நாள்தோறும் ஆள் நின்று செய்கிற வேலைகளின் பெயர் அது. அந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் பாட்டிலில் இருக்கும் நிறம் புரியும்.

முதலில் ஊர். வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில் ரியோஹா பகுதியில் இருக்கிறது ஆரோ. எழுத்தில் முன்னால் ஒரு ‘ஹ’ உண்டு, ஸ்பானியர்கள் அதை ஒலிப்பதில்லை. 1863-இல் பில்பாவோ துறைமுகத்தை இணைக்கும் ரயில் பாதை இந்த ஊர் வழியாக வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் அழிக்கத் தொடங்கியது. ஒயினுக்குத் தவித்த, பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவின் வியாபாரிகள் எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். சரக்கை ஏற்ற ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் நிலையத்தைச் சுற்றியே கிடங்குகள் முளைத்தன. இன்றும் அந்தப் பகுதிக்கு ‘நிலையப் பேட்டை’ என்றுதான் பெயர். பணம் வந்த வேகத்தில் 1890-இலேயே ஆரோவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. “ஆரோ வந்துவிட்டது, விளக்கு தெரிகிறதே” என்ற சொலவடை அப்பக்கத்தில் இன்றும் வழங்குகிறது.

சிலி நாட்டில் பிறந்து ஸ்பெயினுக்கு வந்த ராஃபேல் லோபெஸ் தே எரேதியா, 1877-இல் இந்தப் பேட்டையில் தொழிலைத் தொடங்கினார். ஆரோவில் இருக்கும் ஒயின் ஆலைகளில் இதுவே மூத்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த போர்தோ முறை, அதாவது 225 லிட்டர் சிறு பீப்பாயில் முதிரவைத்து அவ்வப்போது இறுத்து மாற்றுவது, அவர் கைக்கு வந்தது அப்போதுதான். பிறகு போர்தோவே அந்த முறையைப் பெருமளவு சுருக்கிக்கொண்டது. ஆரோவில் இந்த வீடு அதை விடவில்லை. இப்போது ஆலையை நடத்துவது நான்காம் தலைமுறை: மரியா ஹொசே, மெர்செதெஸ், ஹூலியோ செசார் என்ற உடன்பிறப்புகள். ஒயின் செய்வது மெர்செதெஸின் பொறுப்பு, தோட்டம் ஹூலியோ செசாருடையது. அவர்களின் தந்தை பெத்ரோ 2013-இல் காலமாகும்வரை பழைய முறையில் ஒரு படியைக்கூடக் கைவிடவில்லை.

ஒயினுக்குப் பெயர் தந்த தோட்டம் தொந்தோனியா. எப்ரோ ஆறு வளைந்து ஓடும் இடத்தில், வலக்கரையில், சிப்பி போல் குழிந்த நிலம். 100 ஹெக்டேருக்கு மேல். ஃபிலாக்ஸெரா 1899-இல் ரியோஹாவையும் எட்டிவிட்டது. அதன்பின் 1913-14-இல், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கொடிகளை இங்கே நட்டார்கள். ஆறு அடித்துவந்த வண்டலும் களிமண்ணும் கலந்த மண், அடியில் சுண்ணாம்பு. கொடியைக் கம்பியில் படரவிடாமல் குத்துச்செடி போலக் கிண்ண வடிவில் வெட்டி வளர்க்கிறார்கள். எந்திரம் உள்ளே நுழைய முடியாது, பறிப்பது முழுக்கக் கையால்தான்.

வெள்ளை ஒயினுக்கு இரண்டு திராட்சை. 90 சதவீதம் அளவுக்கு வியூரா, மீதி மால்வசியா. வியூராவைக் கட்டலோனியாவில் மக்கபேயோ என்பார்கள், அங்கே கவா என்ற நுரை ஒயினுக்கு அதுதான் அடிப்படை. தன்னளவில் பெரிய மணம் இல்லாத திராட்சை இது. மணம் தூக்கலான ரகமாக இருந்தால் 10 ஆண்டு மரத்தில் கிடந்தபின் அந்த மணம் போய் வெறுமைதான் மிஞ்சும். வியூராவுக்கு இழப்பதற்கு மணம் குறைவு. தாங்கி நிற்பதற்குப் புளிப்பும் தோலில் சிறு துவர்ப்பும் உண்டு. ஆனால் விளைச்சலை அளவில் வைத்தால்தான் அந்தப் புளிப்பு கிடைக்கும். ரியோஹா விதிப்படி வெள்ளைத் திராட்சையை ஹெக்டேருக்கு 9,000 கிலோ வரை எடுக்கலாம். அந்த உச்சவரம்புக்கு எடுத்த வியூரா தண்ணீர்போல் இருக்கும், நீண்ட முதிர்ச்சியைத் தாங்காது. முதிய கொடியும் குறைந்த காய்ப்பும் இல்லாமல் இந்த ஒயின் இல்லை. மால்வசியாவின் வேலை வேறு. ரியோஹாவின் மால்வசியா, தென்மேற்கு ஸ்பெயினின் எஸ்த்ரெமதூராவில் அலாரிஹே என்று அழைக்கப்படும் அதே ரகம். அது ஒயினுக்குக் கொழுகொழுப்பும் கனமும் தருகிறது. அளவு மிஞ்சினால் சீக்கிரம் கருக்கும். அதனால்தான் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பறித்த பழத்தை மரத்தொட்டிகளில் சுமந்து ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். காம்பு நீக்கிப் பிழிந்த சாறு, பெரிய ஓக் தொட்டிகளில் தானாகவே நொதிக்கிறது. வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிச் சேர்ப்பதில்லை. தோலிலும், நூறாண்டு தாண்டிய தொட்டிகளின் மரத்திலும் குடியிருக்கும் ஈஸ்ட் போதும். ஆலையில் இப்படி 70-க்கு மேற்பட்ட தொட்டிகள் உண்டு. ஒரு ஆபத்தும் கூடவே உண்டு: பழைய மரத்தின் துளைகளில் நல்ல ஈஸ்ட் மட்டும் இருக்காது, அழுக்கு நுண்ணுயிரும் தங்கும். சுத்தம் ஒரு நாள் தவறினால் நொதித்தல் பாதியில் நிற்கும், அல்லது தொழுவ வாடை ஏறும். மரத்தை நம்பி வேலை செய்கிற ஆலைகளில் கழுவுகிறவரின் வேலைதான் முதல் வேலை.

இனி நிறத்துக்கு வருவோம். ஆப்பிளை வெட்டிவைத்தால் பழுப்பேறுகிறதல்லவா, திராட்சைச் சாற்றில் இருக்கும் ஃபீனால் பொருள்களும் அப்படித்தான். இன்றைய வெள்ளை ஒயின் ஆலைகள் அதற்குப் பயந்து சாறு பிழியும்போதே கந்தகம் சேர்த்து, காற்றுப் படாத எஃகுத் தொட்டியில் அடைத்து, குளிரவைத்து நொதிக்கவிடுகின்றன. பழவாசனை அப்படியே தங்கும். ஆனால் பழுப்பேறக்கூடிய பொருளும் அப்படியே உள்ளே தங்கும். பாட்டிலில் கார்க் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழையும்போது அது விழித்துக்கொள்ளும். 5, 6 ஆண்டில் திடீரென்று நிறம் மங்கி வாசம் செத்துப்போகிற வெள்ளை ஒயின்களில் பலவற்றின் கதை இதுதான். பழைய முறையில் ஒயினை இந்த அளவுக்குக் காற்றிலிருந்து பொத்திப் பாதுகாப்பதில்லை. பழுப்பேற வேண்டியது முதலிலேயே பழுப்பேறித் துகளாகிறது, மண்டியோடு அடியில் போகிறது, இறுத்து எடுக்கும்போது வெளியேறுகிறது. பல ஆண்டு இப்படிக் கழித்துக்கட்டியபின் ஒயினில் மேற்கொண்டு கெடுவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பொன்னிறம் அந்த நெடுநாள் வேலையின் தடம்.

இந்தக் கழிவு மெதுவாக நடக்க வேண்டும், அங்கேதான் பீப்பாய் வருகிறது. கிடங்கில் 14,000 அளவுக்கு 225 லிட்டர் பீப்பாய்கள். மரம் அமெரிக்க ஓக். பீப்பாய்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும் ஆலைக்குள்ளேயே நடக்கிறது. பெரும்பாலான ஆலைகள் பட்டறையை மூடிவிட்டு வெளியில் வாங்கத் தொடங்கிப் பல காலமாகிறது.

ஏன் அமெரிக்க ஓக்? பிரெஞ்சு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருக்கும். ரம்பத்தால் அறுத்தால் கசியும், ஆகவே நாரோட்டத்தைப் பார்த்துப் பிளக்க வேண்டும், நிறைய மரம் வீணாகும். அமெரிக்க ஓக்கில் அந்தக் குழாய்களை ஒருவகைத் திசு இயற்கையாகவே அடைத்துவிடுகிறது, அறுத்தாலும் கசியாது. அறுத்த பலகையைத் திறந்தவெளியில் சில ஆண்டு மழையிலும் வெயிலிலும் அடுக்கிவைக்கிறார்கள். மழை மரத்தின் கசப்பைக் கழுவிக் கொண்டுபோகும். அவசரப்பட்டு உலையில் உலர்த்திய பலகையில் அந்தக் கசப்பு தங்கிவிடும், ஒயினில் இறங்கும். பிறகு நெருப்பின்மேல் வாட்டி வளைத்து, இரும்புப் பட்டா போட்டு இறுக்குகிறார்கள். ஆணியும் பசையும் இல்லை. முகப்புப் பலகைகளின் இடுக்கில் காய்ந்த சம்பங்கோரைத் தாளைச் செருகுவது பீப்பாய்த் தச்சர்களின் பழைய வழக்கம். ஈரம் பட்டதும் கோரை ஊதிப் பெருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். நம் ஊர் ஏரிக்கரையில் நிற்கிற அதே சம்புதான்.

புதுப் பீப்பாய் மரவாசத்தை வாரிக் கொட்டும், அமெரிக்க ஓக் என்றால் தேங்காய், வெனிலா வாசம். முதல் மூன்று நான்கு நிரப்பலில் அதில் பெரும்பங்கு இறங்கிவிடும். 10 ஆண்டு கிடக்கப்போகிற வெள்ளை ஒயினைப் புது மரத்தில் ஊற்றினால் மரத்தைத்தான் குடிக்க வேண்டியிருக்கும். இங்கே வேண்டியது பழகிய பீப்பாய். அது ருசி கொடுக்காது. பலகையின் துளையிலும் இடுக்கிலும் இழையோடுகிற காற்றை மட்டும் கொடுக்கும். உள்சுவரில் டார்டாரிக் உப்பு படிந்து ஓடு கட்டியிருப்பதால் அந்தக் காற்றும் இன்னும் மெல்லத்தான் நுழையும். சொந்தப் பட்டறை இருப்பதன் பயன் இங்கேதான்: ஒரு பலகை உளுத்தால் அதை மட்டும் மாற்றிப் பீப்பாயைக் காப்பாற்றலாம், முழுப் பீப்பாயையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஆண்டுக்கு இரண்டு முறை இறுத்து எடுக்கிறார்கள். மேலே தெளிந்து நிற்பதை வேறு பீப்பாய்க்கு மாற்றிவிட்டு, அடியில் படிந்த மண்டியை நீக்குவது. பொதுவான செய்முறை இப்படி: அடிமண்டிக்குச் சற்று மேலே குழாய் பொருத்தி ஒயினைத் தன் பாரத்திலேயே வடியவிடுவார்கள். ஒருவர் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்துக்கொண்டே இருப்பார். கலங்கலின் முதல் இழை தெரிந்த கணத்தில் நிறுத்த வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் நல்ல ஒயின் வீண், தாமதித்தால் மண்டி கூடவே வரும். காலியான பீப்பாயைக் கழுவி, உள்ளே கந்தக வட்டைக் கொளுத்துவார்கள். 5 கிராம் கந்தகம் எரித்தால் நிரப்பிய ஒயினில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை ஏறும். பீப்பாயின் கிருமியையும் அது கொல்லும். 10 ஆண்டு வைக்கும் ஒயினுக்கு ஏறத்தாழ 20 முறை இந்த வேலை, ஒவ்வொரு பீப்பாய்க்கும்.

கந்தகத்தின் வேலை ஒயினின் புளிப்பைப் பொறுத்தது. பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறைந்தால் புளிப்பு அதிகம்) 3.2-இல் இருக்கும் ஒயினுக்குப் போதுமான கந்தகம், 3.6-இல் இருந்தால் போதாது, ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேண்டும். வெப்பமான ஆண்டில் புளிப்பு குறைந்து வந்த சாற்றை நீண்ட முதிர்ச்சிக்கு அனுப்பாமல் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மிக நீண்ட காலம் முதிரவைத்த உச்சத் தரமான ‘கிரான் ரெசேர்வா’ வெள்ளை எல்லா ஆண்டும் வருவதில்லை. 1981, 1987, 1991, 1994, 1996, 2001, 2004 என்று தாவித் தாவி வருவதைப் பாருங்கள்.

பீப்பாயில் நடக்கும் மிகப் பெரிய தவறு நிரப்ப மறப்பது. மரம் மூச்சுவிடும்போது ஒயினும் ஆவியாகும். குளிர்ந்த கிடங்கில் ஆண்டுக்கு 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம்: 225 லிட்டரில் 4.5 லிட்டர், அதாவது 6 பாட்டில். 10 ஆண்டில் 60 பாட்டில் காற்றில் போகிறது, பீப்பாயின் 300 பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வெற்றிடத்தை அதே ஒயினைக் கொண்டு நிரப்பிக்கொண்டே வர வேண்டும். விட்டால், மேற்பரப்பில் வெள்ளை ஆடை படரும், அதன் பின்னால் காடிப் பாக்டீரியா வரும். காடியாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். நிறைந்த பீப்பாயும் 12 முதல் 14 டிகிரி கிடங்கும் இரண்டையும் மறுக்கின்றன. பாறையைக் குடைந்து எடுத்த 140 மீட்டர் நீளச் சுரங்கக் கிடங்கு இந்த ஆலைக்கு இருக்கிறது. குளிர்சாதனம் இல்லாத காலத்திலேயே இந்த ஒயினைச் சாத்தியமாக்கியது அந்தக் குடைவுதான்.

பாட்டிலில் அடைக்குமுன் முட்டையின் வெள்ளைக்கருவால் தெளியவைக்கிறார்கள், வடிகட்டுவதில்லை. வெள்ளைக்கருப் புரதம் துவர்ப்புத் துகள்களைப் பற்றிக்கொண்டு கனமாகி அடியில் இறங்கும். நுரை பொங்க அடிக்கக் கூடாது, மெல்லக் கலக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் புரதம் முழுதாகக் கரையும். வெள்ளை ஒயினுக்கு இதைச் செய்வது அபூர்வம், காரணமும் உண்டு: எஃகுத் தொட்டி ஒயினில் துவர்ப்பே இல்லாததால் புரதத்துக்குப் பற்ற ஒன்றும் கிடைக்காது, அது ஒயினிலேயே தங்கிப் பின்னால் புகைபோல் கலங்கும். தொந்தோனியாவுக்கு மரம் கொடுத்த துவர்ப்பு இருப்பதால் இங்கே அது சரிப்படுகிறது. ஒரு முறையை ஓர் ஆலையிலிருந்து பிய்த்து எடுத்து இன்னோர் ஆலையில் ஒட்டவைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடைத்த பாட்டில் இன்னும் பல ஆண்டு கிடங்கில் கிடக்கும். பழைய பாட்டில்கள் கிடக்கும் அறைக்கு ‘கல்லறைத் தோட்டம்’ என்று பெயர். சுவரிலும் பாட்டிலிலும் கம்பளிபோலப் பூஞ்சணம், மேலே ஒட்டடை. சிலந்தி வலையை வேண்டுமென்றே கலைக்காமல் விடுகிறார்கள், கார்க்கில் முட்டையிடும் பூச்சியை அது பிடிக்கும். கிரான் ரெசேர்வா பாட்டிலின் கழுத்துக்குக் கையால் மெழுகு முத்திரை.

சட்டம் என்ன கேட்கிறது தெரியுமா? ரியோஹாவில் வெள்ளை கிரான் ரெசேர்வா என்று எழுத மொத்தம் 4 ஆண்டு, அதில் பீப்பாயில் 6 மாதம் போதும். இவர்கள் பீப்பாயில் வைப்பது 10 ஆண்டு. அதே பீப்பாயை, அதே இடத்தை, அதே ஆளை வைத்து 20 முறை விற்றிருக்கலாம். 1970-களில் ரியோஹா முழுக்க எஃகுத் தொட்டிக்கும் குளிர் நொதித்தலுக்கும் மாறி, உடனே விற்கும் இளம் வெள்ளைக்குப் போனபோது கணக்குப் போட்ட யாரும் இப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, நல்ல இளம் ஒயின்களும் வந்தன. 2007-இல் சார்டனே, சோவிஞோன் பிளாங்க் போன்ற வெளி ரகங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லோரும் மாறியபின், மரத்தில் முதிர்ந்த வியூரா எப்படி இருக்கும் என்று காட்ட ஒருசில வீடுகளே மிஞ்சின. இந்தக் குடும்பம் மாற மறுத்தது பழமைப் பற்றால் மட்டும் அல்ல. 2002-இல் 125-ஆம் ஆண்டையொட்டி, 1910 பிரசெல்ஸ் கண்காட்சியில் வைத்திருந்த தங்கள் பழைய மரக்கூடத்தைச் செப்பனிட்டு, அதைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழுப்பக் கட்டடக் கலைஞர் சாஹா ஹதீதை அழைத்தவர்கள் இவர்கள். ஒயின் ஊற்றும் கண்ணாடிக் குடுவை வடிவில் அந்தக் கட்டடம் 2006 முதல் ஆலை வாசலில் நிற்கிறது. கட்டடத்தில் புதுமையை வரவேற்றவர்கள் பீப்பாயில் மட்டும் அதை வேண்டாம் என்றது தெரிந்தே எடுத்த முடிவு.

வாங்க நினைப்பவர்களுக்கு: இந்த வீட்டில் மூன்று வெள்ளை உண்டு. சக்கோனியா தோட்டத்தின் வியூராவில் செய்து, 4 ஆண்டு பீப்பாயில் வைத்தது கிரவோனியா. விலையில் இறக்கம், கிடைப்பதும் எளிது. இந்த ருசிக்குப் புதியவர் அதிலிருந்தே தொடங்குவது நல்லது. அடுத்தது தொந்தோனியா ரெசேர்வா, 6 ஆண்டு மரம். உச்சியில் கிரான் ரெசேர்வா. எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போனால் விலையும் வீண், பலருக்கு ‘இது என்ன வாசம்’ என்ற குழப்பமே மிஞ்சும்.

திறக்கும்போது செய்யும் தவறுகள்தான் அதிகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 5 டிகிரியில் ஊற்றினால் புளிப்பும் மரமும் மட்டும் தெரியும். 13 முதல் 15 டிகிரியில் ஊற்றுங்கள். குளிர்பெட்டியில் இருந்தால் வெளியே எடுத்து அரை மணி நேரமாவது விடுங்கள். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வடிகட்டாத ஒயின் என்பதால் அடியில் படிவு இருக்கும். கண்ணாடித் துண்டுபோல் மின்னும் படிகம் தெரிந்தால் அது டார்டாரிக் உப்பு, கெடுதல் இல்லை. மெழுகைச் சுரண்டி எடுக்க வேண்டாம், தூள் உள்ளே விழும். மெழுகின் நடுவிலேயே திருகாணியை இறக்கி, கார்க்கைப் பாதிவரை தூக்கி, உதிர்ந்த மெழுகைத் துடைத்துவிட்டு மீதியை இழுக்கலாம். 20 ஆண்டுக் கார்க் நொறுங்கும் தறுவாயில் இருக்கும், இரண்டு தகடு செருகி எடுக்கும் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் முதலில் வரும் அடைந்த வாசம் போய்விடும். குறுகிய குவளை வேண்டாம், வயிறு அகன்றதில் ஊற்றுங்கள்.

கெட்ட பாட்டிலே வராதா என்றால் வரும். அடையாளம் இவை. ஈர அட்டை, பூசணம் பிடித்த அடித்தள வாசம் என்றால் கார்க்கின் குற்றம், அது எந்தக் காற்றுக்கும் போகாது, கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். நகப்பூச்சு வாசமும் தொண்டையில் காடிக் காந்தலும் தூக்கலாக இருந்தால் காடியேறியது. நிறம் தேநீர்போல் கறுத்து, பளபளப்புச் செத்து, அழுகிய ஆப்பிள் வாசம் மட்டும் வந்தால் கார்க் வழியே காற்று அதிகம் போயிருக்கிறது; பாட்டிலில் ஒயின் மட்டம் தோள்வரை இறங்கியிருப்பதும் பெரும்பாலும் கூடவே தெரியும். நல்ல பாட்டிலில் பொன்னிறம் தெளிந்து ஒளிரும். தேன்மெழுகு, வறுத்த பாதாம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், சீமைச் சாமந்தி என்று வாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூக்கை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு வாய் விழுங்கிப் பாருங்கள். உண்மையிலேயே கெட்டது விழுங்கியதும் தட்டையாக முடிந்துவிடும். இதில் புளிப்பு நாவின் ஓரங்களில் நின்று நீளும், உப்புக்கரிப்பு ஒன்று பின்தங்கும். இந்த ஒரு சோதனை போதும்.

வெப்பம் இதற்கும் எதிரிதான். வெயில் நாளில் 35 டிகிரி அறையில் வைத்தால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஆறும்போது காற்றை உள்ளிழுக்கும். காற்றுக்குப் பழகிய ஒயின் என்பதால் எதையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. மெதுவான காற்றைத்தான் அது தாங்கும், சூட்டை அல்ல. இருட்டில், கிடையாக, 12 முதல் 14 டிகிரியில் வையுங்கள்.

உணவு? ரியோஹா மேசையில் இதற்குப் பொருத்தம் நவாராவின் வெள்ளை ஆஸ்பராகஸ், உப்பிட்ட காட் மீன், காளான், புகையூட்டிய இதியசபால் என்ற செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. காய்ந்த திராட்சைக் குச்சியை எரித்து அதன் தணலில் சுடும் ஆட்டு விலாத்துண்டோடும் இது ஈடுகொடுக்கும். வெள்ளை ஒயின் இறைச்சிக்கு ஆகாது என்ற விதி இந்தத் துவர்ப்பின் முன் நிற்பதில்லை.

ஒரே அமர்வில் முடிக்கவும் வேண்டாம். சாதாரண வெள்ளை ஒயின் திறந்த இரண்டாம் நாளே வாடிவிடும். தொந்தோனியாவைக் கார்க்கால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, நான்கைந்து நாள் தினமும் ஒரு குவளை ஊற்றி, குளிர் தணிந்தபின் குடித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் ஆரஞ்சுத் தோல் மேலெழும், மூன்றாம் நாள் மரம் பின்வாங்கி மெழுகு முன்னுக்கு வரும். பாட்டிலின் கடைசிக் குவளையை மட்டும் அசைக்காமல் மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள், படிவு கழுத்தைத் தொடும்போது நிறுத்திவிடுங்கள்.